நாளுக்கு ஒரு சாண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் குறுக்கே விழுந்து அதெப்படி இதெப்படி என்று கேட்கக் கூடாது. சண்முகக்கனியின் தண்ணி வண்டியைப் பிடித்துக்கொண்டுபோய் சிப்பிமேடு போலீஸ் ஸ்டேஷனில் பூவரச மரத்தடியில் நிறுத்திய மறுநாளிலிருந்து, தினமும் காலை பத்தரை மணிக்கு, டிரைவர் இல்லாமல், பேட்டரி இல்லாமல், மூன்று டயரிலும் காற்று இல்லாமல், அது வாசலைப் பார்த்து ஒரு சாண் நகர்ந்தது. ஓடவில்லை, உருளவில்லை, நகர்ந்தது. பார்த்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறோம். நம்பாதவர்கள் எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

கனி எங்களோடு பதினோரு வருஷம் உப்பு வாரியவள். உப்பளத்தில் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? மேலேயிருந்து ஒரு வெயில், பாத்தியிலிருந்து ஒரு வெயில், ஆக இரண்டு வெயில் அடிக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் சுற்றிலும் தண்ணீர் கிடக்கும், அதில் ஒரு வாய் குடிக்க முடியாது. வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டில் ஒன்பது மணிக்கே காலியாகி, பத்து மணிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பக்கத்துப் பாத்திக்காரியிடம் பேசக்கூட வாய் வராது. அப்படி ஒரு நாளில்தான் கனி வாருபலகையை வரப்பில் சாத்திவைத்துவிட்டு, "எக்கா, நான் தண்ணி வண்டி ஓட்டப்போறேன்" என்றாள். வெயிலில் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். அவள் ஒரு பழைய மூன்று சக்கர லோடு ஆட்டோவை வாங்கி, பின்னால் கறுப்பு டேங்கைக் கட்டி, அதில் வெள்ளை பெயிண்டில் "குடிநீர்" என்று எழுதவைத்து, சரியாகப் பத்தரை மணிக்கு ஹாரன் அடித்துக்கொண்டு வரப்புச் சாலையில் வந்து நின்றாள். அன்றைக்கு வயிறு முட்டக் குடித்த நாற்பது பொம்பளைகளில் நானும் ஒருத்தி. என் பெயர் பேச்சி.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வழியில் எத்தனை பேர் கை நீட்டினாலும் நிறுத்தாமல் நேராகக் கடைசி அளத்துக்குப் போய், அங்கேயிருந்து ஊற்றிக்கொண்டே திரும்புவாள். தூரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் தாகம் நேரமாக நேரமாகக் கூடும், அவர்களுக்கு முதல் தண்ணீர் என்பாள். அந்த நல்ல வழக்கம்தான் அவளை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டது.

கடைசி அளம் பவளமுத்து முதலாளியுடையது. மாசி மாதம் ஒரு நாள் அவருடைய பம்பு மோட்டாரின் கேபிள் சுருளோடு காணாமல் போனது. வெளியாள் நடமாட்டம் இல்லாத அந்தக் கோடிக்குத் தினமும் முதலில் வருகிற வண்டி யாருடையது? தண்ணி வண்டி. விவரம் தெரிந்த அளத்துக் கங்காணியைக் கேட்கலாமென்றால், மனுஷன் மஞ்சள் காமாலையோடு மகள் ஊரில் போய்ப் படுத்துவிட்டார். முதலாளி யோசிக்கவில்லை, புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் வந்தார், வண்டியைப் பிடித்தார், மகஜர் போட்டார். கூட வந்த ரைட்டர் ஏட்டய்யா ஞானசிகாமணி சிவப்பு பெயிண்டும் பிரஷும் கொண்டுவந்திருந்தார். பிடித்த வண்டியில் வழக்கு நம்பர் எழுதுவது அவர் வேலை. அந்தக் கையெழுத்தைச் சொல்ல வேண்டும். அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், இருபத்திரண்டு வருஷமாக அந்த ஸ்டேஷனில் துருப்பிடித்த வண்டி ஒவ்வொன்றிலும் அவர் எழுத்து மட்டும் துருப்பிடிக்காமல் நிற்கும். டேங்கில் வேறு இடம் இல்லாததால் "குடிநீர்" என்பதன் மேலேயே கொட்டை எழுத்தில் "குற்ற எண் 87, திருட்டு" என்று எழுதினார்.

பிறகு ஜீப்பில் கயிறு கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். சுற்றுச்சாலை வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை. பஜார் வழியாக, பள்ளிக்கூடம் வழியாக, கோயில் வாசல் வழியாக, அம்மன் தேர் வருகிற அதே பாதையில், ஊர் எல்லாம் கடையை விட்டு இறங்கிவந்து டேங்கில் இருக்கிற எழுத்தை வாய்விட்டு வாசிக்க வாசிக்க இழுத்துக்கொண்டு போனார்கள், பின்னாலேயே கனி செருப்பில்லாமல் நடந்துபோனாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனுஷர் இல்லை, அவசரக்காரர். "சின்ன கேசும்மா. ஒத்துக்கிட்டு அபராதத்தக் கட்டு. ஒரு வாரத்துல வண்டி வெளிய வந்துரும்" என்றார்.

"வண்டி வந்துரும் சார். நான் எப்படி வெளிய வர?" என்றாள் கனி.

அவ்வளவுதான். திருடினேன் என்று எழுதின தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி, ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் வண்டி ஒரு சாண் நகர்ந்தது.

முதலில் பார்த்தவர் ஏட்டய்யாதான். ஜன்னல் வழியாகப் பார்த்தவர், சரிவாக இருக்கும் என்று வெளியே வந்து ஒரு கல்லை எடுத்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வண்டி கல்லையும் தள்ளிக்கொண்டு ஒரு சாண் வந்தது. மூன்றாம் நாள் மரத்தோடு சங்கிலி போட்டார்கள். பத்தரைக்குச் சங்கிலியின் கொக்கி தானாக நிமிர்ந்துகொடுத்தது. நான்காம் நாள் இன்ஸ்பெக்டரே நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார், வண்டி அவர் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது, அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேலதிகாரிக்கு என்ன என்று எழுதுவது? ஏட்டய்யா தலையைச் சொறிந்துவிட்டு, மனசுக்குப் பட்டதைத் தினக் குறிப்பில் அழகான கையெழுத்தில் எழுதினார்: "சொத்து எண் 31 இன்றும் ஒரு சாண் முன்னேறியது. ஆள் யாரும் தொடவில்லை." ஸ்டேஷன் கணக்கில் வண்டிக்கு அந்த நம்பர். அதற்குப் பிறகு அது தினம் எழுதுகிற ஒன்றாகிவிட்டது, மழை வந்தது மின்சாரம் போனது மாதிரி.

பத்து நாளில் ஊரும் பழகிவிட்டது. ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை போட்டிருந்தவர் பத்தேகாலுக்கு ஒரு ஈடு வடை தனியாகப் போட ஆரம்பித்தார். புகார் கொடுக்க வந்தவர்கள், "இருங்க, வண்டி நகந்துரட்டும்" என்று காத்திருந்து பார்த்துவிட்டு, பாதிப் பேர் புகாரே கொடுக்காமல் வீட்டுக்குப் போனார்கள். ஒரு சாண் என்றால் யாருடைய சாண் என்று ஒரு தகராறு கிளம்பியது. கான்ஸ்டபிள்கள் கை வைத்துப் பார்த்தார்கள், குறைந்தது. டீக்கடைக்காரர் வைத்தார், கூடியது. டெய்லர் டேப்போடு வந்து எட்டே முக்கால் அங்குலம் என்று தீர்ப்பு சொன்னார். கடைசியில் கனி கையெழுத்துப் போட வந்த ஒரு நாள், வாரம் ஒரு தரம் வந்து போட வேண்டும் என்று ஜாமீனில் சொல்லியிருந்தார்கள், ஏட்டய்யா தினமும் தான் போட்டுவைத்த சாக்பீஸ் கோட்டைக் காட்டி, "நீ ஒரு தடவ வச்சுப் பாரும்மா" என்றார். அவள் குனிந்து கையை விரித்து வைத்தாள். முந்தின நாள் கோட்டுக்கும் அன்றைய கோட்டுக்கும் நடுவில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. ஏட்டய்யா உள்ளே போய் அதையும் எழுதிவைத்தார்.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் இல்லாமல் உப்பு வாரியது நாங்கள். கனி சைக்கிளில் நாலு குடம் கட்டிக்கொண்டு வந்தாள். அப்போதும் கடைசி அளத்துக்குத்தான் முதலில் போனாள், புகார் கொடுத்த முதலாளியின் பாத்தியில் வாருகிறவர்களுக்கு முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு எங்களிடம் வருவாள். ஆளுக்கு இரண்டு டம்ளர். சித்திரை வெயிலில் இரண்டு டம்ளர் எந்த மூலைக்கு? வைகாசியில் ஒருத்தி பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். அன்றைக்கு எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏளா, ஒனக்கு இவ்வளவு வீம்பு ஆகாது" என்று கத்தினேன். "ஒரு கையெழுத்து. போட்டுத் தொலையேன். நாங்க நாப்பது பேரு செத்தா ஒனக்குச் சந்தோசமா?"

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "களவாணி ஊத்துன தண்ணியக் குடிப்பியாக்கா?"

"தாகத்துக்கு எவ ஊத்துனா என்ன?"

"ஊத்துற எனக்கு இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு இரண்டாவது நடைக்குச் சைக்கிளைத் திருப்பினாள். நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆவணி மாதம், நூற்றி எண்பத்து மூன்றாம் நாள், வண்டியின் மூக்கு ஸ்டேஷன் கேட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கு ஊரில் பாதி ரோட்டில் நின்றது. கேட்டுக்குக் கதவு கிடையாது, ஒரு சிமெண்டுக் கோடுதான். நாளைக்குப் பத்தரைக்கு வண்டி கோட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் யார் என்ன செய்ய முடியும் என்று பேச்சாகக் கிடந்தது. டீக்கடைக்காரர் இரண்டு ஈடு வடை போட்டார். மறுநாள் பத்தரை ஆனது, பத்தே முக்கால் ஆனது, பதினொன்று ஆனது. வண்டி அசையவில்லை. கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே நின்றுவிட்டது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

இன்ஸ்பெக்டருக்கு அது ஜீப்பு போக வர இடைஞ்சலாக இருந்தது. அவரே கனியைக் கூப்பிட்டு, "ராத்திரியோட ராத்திரியா உருட்டிட்டுப் போயிரு. நான் பாக்கல. அது பாட்டுக்குப் போயிருச்சுன்னு எழுதிக்கிடுதேன். இத்தனை நாளா எழுதுனதுக்கு அதையும் நம்பத்தான் செய்வாங்க" என்றார்.

"அது தப்பிச்சு ஓடுற வண்டி இல்ல சார்" என்றாள் கனி. "உத்தரவு வரட்டும்னு நிக்கி."

கேட்டதும் எங்களுக்குச் சிலிர்த்துவிட்டது. திருட்டு என்று நெற்றியில் எழுதி ஒட்டின வண்டி, திறந்த வாசலில், ஆள் காவல் இல்லாமல், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்றது. அன்றைக்குத்தான் நான் கனியிடம் போய், "ஏளா, நீ ஜெயிக்கிற வரைக்கும் எனக்கு ஒரு டம்ளர் போதும்" என்றேன். மற்ற முப்பத்தொன்பது பேரும் அதையே சொன்னார்கள்.

புரட்டாசியில் மழை வாடை அடித்தது. மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களை ஓலை போட்டு மூடுவோம், அதற்கென்று ஒவ்வொரு அளத்துக் கொட்டகையிலும் பழைய ஓலை அடுக்கி இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, புரட்டாசியில்தான் அதில் கை வைப்போம். பவளமுத்து முதலாளி அளத்தில் ஓலையைப் பிரித்தார்கள். அடியில், பாம்பு சுருண்டு கிடக்கிற மாதிரி, மோட்டார் கேபிள். காமாலை தெளிந்து வந்திருந்த கங்காணி தலையில் கைவைத்துக்கொண்டு, "அய்யய்யோ, நாந்தாம் மொதலாளி வச்சேன். களவு போயிரக் கூடாதுன்னு ஓலைக்கு அடியில பத்திரமா வச்சேன். காச்சல்ல அடியோட மறந்துட்டேன்" என்றார். அதையும் சொல்ல வேண்டும், முதலாளியே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார்.

புகார் தவறு, வழக்கு கைவிடப்பட்டது என்று கோர்ட்டுக்குத் தாள் போனது. நீதிபதி அம்மா தினக் குறிப்பை ஒன்றுவிடாமல் புரட்டினாராம். "இது யார் கையெழுத்து?" என்றாராம். ஏட்டய்யா, "என்னோடதுதாங்கம்மா" என்றாராம். "வண்டி இப்போ எங்கே?" "கேட்டுக்கு ஒரு நூல் உள்ள நிக்குதுங்கம்மா." நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வண்டியை உரிமையாளரிடம் உடனே ஒப்படைக்கவும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

உத்தரவு வந்த அன்று நாங்கள் நாற்பது பேரும் உப்பு வாரப் போகவில்லை. மெக்கானிக் பேட்டரி மாட்டி, டயருக்குக் காற்று அடித்தார். நான் மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். கனி ஆர்.சி. புக்கைக் காட்டி, வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு, சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே சுழற்றில் பிடித்தது. கியரைப் போட்டாள். வண்டி உறுமியது, நடுங்கியது, நகரவில்லை. நாங்கள் தள்ளினோம். கான்ஸ்டபிள்கள் தள்ளினார்கள். எலுமிச்சம்பழம் ஒன்றுகூட நசுங்கவில்லை.

கனி எஞ்சினை நிறுத்தி இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாள். டேங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏட்டய்யா, இத யாரு அழிப்பா?"

சிவப்பு எழுத்து ஏழு மாத வெயிலிலும் மங்காமல் இருந்தது. ஏட்டய்யா உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழிக்கணும்னு ஆர்டர்ல இல்லையேம்மா."

"எழுதணும்னு ஆர்டர் இருந்துச்சா?"

இன்ஸ்பெக்டர், "யாராவது ஒரு துணியைக் கொண்டாங்கப்பா, தொடச்சு விட்டுருவோம்" என்று ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். நானும் முந்தானையை இழுத்துக்கொண்டு முன்னால் போனேன். கனி கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினாள்.

"எழுதுன கைதான் அழிக்கணும்."

ஏட்டய்யா ஞானசிகாமணி தன் வலது கையைப் பார்த்தார். அந்த ஸ்டேஷனில் அவர் எழுதியது எதையும் இதுவரை அழித்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. பின்னால் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஜீப்பின் மேல் வைத்தார், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார், பெயிண்ட் கடையிலிருந்து ஒரு பாட்டில் தின்னர் வாங்கிவரச் சொல்லித் தேய்க்க ஆரம்பித்தார். உச்சி வெயில். பெயிண்ட் லேசில் போகிற பெயிண்டா, போலீஸ் பெயிண்டு! "திருட்டு" என்பதில் ஒவ்வொரு எழுத்தாக, சுழியாக, புள்ளியாக அவர் தேய்க்கத் தேய்க்க, கண் எரிந்து தண்ணீர் வழிய, விரல் சிவந்துபோக, நாங்கள் நாற்பது பேரும் பஜாரும் சுற்றி நின்று, அன்றைக்கு வாய்விட்டு வாசித்தவர்கள் எல்லாம் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு பார்த்தோம். நடுவில் கனி சைக்கிள் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மோந்து அவரிடம் நீட்டினாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி தேய்த்தார்.

சிவப்பு போனது. கூடவே அடியில் இருந்த வெள்ளையும் போய்விட்டது. டேங்க் வெறும் கறுப்பாக நின்றது. ஏட்டய்யாவே, யாரும் சொல்லாமல், வெள்ளை பெயிண்ட் கேட்டு வாங்கினார். பிரஷை நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த இருபத்திரண்டு வருஷத்தில் எழுதாத அழகில் "குடிநீர்" என்று எழுதினார். எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

"கீழ எம் பேரையும் எழுதுங்க ஏட்டய்யா" என்றாள் கனி. "கேஸ்ல முழுப் பேரா எழுதுனியளே, அதே மாதிரி."

அவர் எழுதினார். ச, ண், மு, க, க், க, னி. கடைசிச் சுழியை முடித்துப் பிரஷை எடுத்தாரோ இல்லையோ, மணி அப்போது பத்தரை இல்லை, இரண்டரை, எஞ்சின் அணைந்து சாவி கனியின் கையில் இருக்க, மூன்று எலுமிச்சம்பழமும் நசுங்க, வண்டி கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே வந்து நின்றது. நான் குலவை போட்டேன். நாற்பது பேரும் போட்டோம். ஏட்டய்யா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டிக்கு வழி விட்டு நின்றார்.

சுற்றுச்சாலை வழியாகப் போகலாம் என்று மெக்கானிக் சொன்னார். கனி கேட்கவில்லை. கோயில் வாசல் வழியாக, பள்ளிக்கூடம் வழியாக, பஜார் வழியாக, முதல் கியரிலேயே, ஈரப் பெயிண்ட் வழியாதபடி மெதுவாக ஓட்டினாள். நாங்கள் பின்னால் நடந்தோம். பஞ்சாயத்துப் பம்பில் டேங்கை நிரப்பினாள். அளத்துக்குள் நுழைந்ததும் எங்களில் ஒருத்தி, "ஏளா, இன்னைக்காவது எங்களுக்கு மொதல்ல ஊத்து" என்று கேலியாகக் கேட்டாள். வண்டி நிற்காமல் நேராகக் கடைசி அளத்துக்குப் போனது.

அங்கே வாருகிறவர்கள் எல்லோரும் குடித்து முடித்தார்கள். கொட்டகை நிழலில் பவளமுத்து முதலாளி கையில் ஒரு சொம்போடு நின்றார். வரவும் இல்லை, போகவும் இல்லை. கனி டேங்கின் குழாயை மூடினாள்.

"என்ன மொதலாளி, எழுத்து தெரியுதா அங்கேருந்து?"

முதலாளி நிழலை விட்டு வெயிலுக்கு வந்தார். "குடிநீர்" என்றார்.

"கீழ?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சண்முகக்கனி."

"பின்னால நிக்கிற எங்க அக்காமாருக்குக் கேக்கல."

"சண்முகக்கனி!" என்றார் முதலாளி, வரப்பு முழுக்கக் கேட்கும்படி.

"சொம்ப நீட்டுங்க" என்று சொல்லிக் கனி குழாயைத் திறந்தாள்.